பிரிக்காத பொட்டலம்

என் பிரியமுள்ள அண்ணா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, திண்டிவனத்தில் உன் படத்துக்கு முன்னால் இருந்தவர்கள்: அண்ணி, உன் மகன் சேகர், என் வீட்டுக்காரர், என் மகள் கமலா, நான். மற்றவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். அன்று எனக்குத் தெரியவந்ததை, நீ இருந்திருந்தால் அப்போதே உன்னிடம் கேட்டிருப்பேன்.

படத்துக்கு நந்தியாவட்டை வைக்கப் போன அண்ணி, பூவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். "தனம், மயிலத்துக்கு உங்க அண்ணன் கட்டிக்கினு வந்த ரெண்டு பொட்டலத்துலயும் இந்த வெள்ளப் பூதாம்மா. லண்டன் பரீட்சை அங்க செல்லாதுன்னு அவருக்குத் தெரியும். கமலா கப்பல் ஏறிட்டா நம்ம புள்ளைக்கு யாரு இருக்கான்னாரு."

சேகர் எழுந்தே விட்டான். "அத்தப் பொண்ணு வேணும்னு நான் எப்பம்மா கேட்டேன்?"

"நல்லவேள, நீயாச்சும் கேக்கல" என்றாள் கமலா. யாரும் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஒரு அமெரிக்கக் கல்லூரி அவளுக்கு இடம் தருகிறோம், இங்கிலீஷ் பரீட்சை எழுதி அனுப்பு என்றது. பட்டணத்தில் இரண்டு பரீட்சை நடந்தது. ஒன்று லண்டன்காரர்களுடையது, ஒன்று அமெரிக்காக்காரர்களுடையது. எதை எழுதுவது? நம் வீட்டு இங்கிலீஷ் வாத்தியார் நீதானே என்று உன்னிடம் வந்தோம். மயிலம் முருகனிடம் பூ கேட்போம் என்றாய். வெள்ளை வந்தால் லண்டன், செவ்வரளி வந்தால் அமெரிக்கா. நீ கட்டிக்கொண்டு வந்த இரண்டு பொட்டலத்தையும் சந்நிதிப் படியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொன்னாய்.

"மாமா, இங்கிலீஷ் வாத்தியாரு நீங்களா, முருகனா?"

"வாய மூடிக்கினு எடுடி" என்று சிரித்தாய். எடுத்தாள். வெள்ளை.

விழுப்புரத்தில் ரயிலேறிப் போய் எழுதினாள். நல்ல மார்க். கல்லூரி இது செல்லாது என்றுவிட்டது. அவள் தலையைத் தடவி, "சாமி சித்தம்" என்று சொன்னவனும் நீதான்.

பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். மளிகைக்கடைக்காரர் கூட்டிய கணக்கையும் வீட்டுக்கு வந்து ஒருதரம் கூட்டிப் பார்ப்பேன். ஆனால் மிச்சமிருந்த அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சாமி சொன்னதைச் சரிபார்ப்பதா என்று படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். தங்கச்சி பிரிக்கமாட்டாள் என்று தெரிந்துதானே கட்டினாய்?

ஒரு வருஷமாக விளக்கேற்றும்போதெல்லாம் முருகனைக் கோபித்துக்கொண்டேன். பாவம், அவனை யாரும் கேட்கவே இல்லை. என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுப்பேன் அண்ணா. அவன் பேரில் ஏமாற்றினாயே, அதை எப்படிப் பொறுப்பேன்?

கமலா மறுபடி எழுதப்போகிறாள். எந்தப் பரீட்சை என்று இந்த முறை அந்தக் கல்லூரியையே எழுதிக் கேட்டோம். அமெரிக்கப் பரீட்சைதான் என்று பதில் வந்துவிட்டது. உன் டிக்ஷனரியைச் சேகர் கொண்டுவந்து கொடுத்தான்.

அவளைக் கப்பலேற்றாமல் ஓயமாட்டேன். உன் திவசத்துக்கும் வருஷம் தவறாமல் வருவேன். நந்தியாவட்டை மட்டும் கொண்டுவரமாட்டேன்.

தாய்மாமன் நீ, வாசலில் வந்து பெண் கேட்கும் உரிமை இருந்ததே. ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? கனவிலாவது வந்து பதில் சொல்லு. சீக்கிரம் சொல்லு.

உன் கூடப் பிறந்த தங்கை,
தனம்,
விழுப்புரம்.