உன் அப்பா காரைத் தேய்க்கிறார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று போனில் அப்பா சொன்னதை மட்டும் நம்பிவிடாதே, நான் எழுதுவதை நம்பு. காருக்குப் பாலிஷ் போட நீ அனுப்பிய அந்தச் சுழலும் மெஷின் வந்து இறங்கியதிலிருந்தே எனக்கு உன்மேலும் ஒரு கண்தான். இத்தனை வருஷமாக மழை வந்து கழுவினால் உண்டு என்று காரை விட்டுவைத்திருந்த மனுஷருக்குத் திடீரென்று அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கவேண்டும் என்று ஏன் தோன்றியது என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா, அப்பா செல்லம் என்றால் கேட்டதை எல்லாம் அனுப்பிவிடுவதா. வெயில் ஏறுவதற்கு முன்பே வண்டியை நிழலில் நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து உள்ளே ஊறிப்போன அழுக்கை எடுத்து, ரப்பர் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, அப்புறம் பசை மாதிரி ஒன்றைப் பூசி மெஷினை ஓட்டினார். கடைசியில் மெழுகு தடவி, அது காய்ந்து வெள்ளையாகப் பூத்ததும் மெத்தென்ற துணியால் துடைத்தார். நன்றாகத்தான் வந்தது, பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. அதுதான் என் மண்டையைக் குடைந்தது. வண்டியை விற்கப் போகிறீர்களா என்றால் இல்லை, யாராவது வருகிறார்களா என்றால் இல்லை, சும்மாதான் என்றார். உன் அப்பா சும்மா எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

அவர் குளிக்கப் போன நேரம் வண்டியைச் சுற்றி வந்தேன். மற்ற இடமெல்லாம் ஒரே சீராக இருக்க, இடது பக்க முன்கதவில் மட்டும் கொஞ்சம் பள்ளம் விழுந்த மாதிரி, வேறு பெயிண்ட் தொட்டு வைத்து அதன்மேல் அழுந்தத் தேய்த்திருந்தது. சரி, எங்கேயோ இடித்துவிட்டு மறைக்கிறார் என்று புரிந்துபோனது. தூணில் உரசியிருக்கும், சொல்ல வெட்கம் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் நம் வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவர் கொஞ்ச நாளாகக் காலை இழுத்து இழுத்து நடக்கிறார், அவர் வரும்போதெல்லாம் அப்பா முந்திக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நிற்கிறார், உட்காரச் சொல்லிக் காபி வேறு கொடுக்கச் சொல்கிறார். காபி யாருக்கும் அப்படி எளிதில் கொடுக்கச் சொல்கிறவரா அவர்? ஒரு நாள் அப்பா கடைக்கு நடந்து போயிருந்தபோது பேப்பர்காரரைப் பிடித்துக்கொண்டேன், காலுக்கு என்ன என்று கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். அப்புறம், "ஐயா உங்ககிட்ட சொல்லலையாம்மா? திருப்பத்துல ஐயா கார் இடிச்சிருச்சு. வேகமா எல்லாம் வரலம்மா, மெதுவாத்தான் வந்தாரு. நான் சைக்கிள்ல பக்கத்துலதான் இருந்தேன், ஆனா என்னைப் பாக்கவே இல்ல" என்றார். அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அவருக்கே அது விளங்காத மாதிரிதான் சொன்னார். எனக்கு உடனே மாடி வீட்டுப் பிள்ளைகள் நினைப்புதான் வந்தது, அதுகளைத் தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

அன்றைக்குப் பூராவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் மெழுகு போட்டுத் துடைத்தார். வண்டிக்கு எந்தப் பக்கம் நின்று துடைத்தாலும் அவருக்கு இடது கைப் பக்கம் வரும் ஓரத்தில் மட்டும் மெழுகு வெள்ளை வெள்ளையாக அப்படியே நின்றது. அதைத் துடைக்காமலே துணியை உதறிவிட்டு, தள்ளி நின்று, திருப்தியாகப் பார்க்கிறார். நான் காபி டம்ளரோடு அவருக்கு இடது பக்கமாய்ப் போய் நின்றேன். கை நீட்டினால் தொடலாம். அவர் பாட்டுக்கு வேலை செய்கிறார், திரும்பவே இல்லை. என்னங்க என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, நீ எப்ப வந்தே என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். முதலில் சைக்கிள்காரன் குறுக்கே வந்தான் என்றார், அப்புறம் வெயில் கண்ணில் அடித்தது என்றார், கடைசியில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். என்னிடம் சொல்ல என்ன என்று கத்த வாயெடுத்தேன், முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கண் டாக்டரிடம் ஆட்டோவில்தான் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண்ணில் ஓரப் பார்வையை நிறையத் தின்றுவிட்டதாம், வலதிலும் தொடங்கியிருக்கிறதாம். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாமல் போகுமாம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாடி வீட்டில் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளைகள் இப்போது வேனில் போகின்றன. பேப்பர்காரரையும் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினோம், முறிவு இல்லை, தசைப்பிடிப்புதானாம்.

சாவியை நான் கேட்காமலே கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்னொரு சாவி இருக்கும் என்று வீடு பூராவும் தேடிவிட்டேன். மருந்து விட்டேன் என்கிறார், இமை நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். காரைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை, இப்போது ஓரத்து வெள்ளை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் துடைக்கிறார். நான் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் பானெட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று நான் செருப்பைக் கழற்றும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "தொட்டுப் பாக்கறதுன்னா பாரு, கைய கழுவிட்டுத் தொடு. அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு" என்றார்.

இது குடும்பத்தில் வருமாம், டாக்டர் உன்னையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன் என்று போனில் சொன்னால் போதாது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. இனி அப்பா உன்னிடம் எது கேட்டாலும் முதலில் என்னிடம் சொல். எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நிறைவாக இருங்கள், என் நினைப்பெல்லாம் உங்கள்மேல்தான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா