கம்பெனிக்குச் சொன்னவன் பெற்றவளுக்குச் சொல்லவில்லை

திண்டிவனம்
சர்வசித்து வருஷம் ஆனி 20

சிரஞ்சீவி துரைக்கண்ணுவுக்கு உன் அம்மா கோவிந்தம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். பம்பாயில் நீ சுகமென்று இனிமேல் நீயே எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை. தை மாதமே பட்டாளத்துக் கிடங்கை மூடி உன்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்களாமே. அதற்கப்புறம் மாதம் தவறாமல் கடுதாசி போட்டாயே, எந்தக் கையால் எழுதினாய்? மாசியில் வெள்ளைக்காரத் துரை உன்னை மெச்சிக்கொண்டான் என்றாய், பங்குனியில் வேலை ஜாஸ்தி, மூச்சுவிட நேரமில்லை என்றாய். நான் மயிலம் மலை ஏறி, என் பிள்ளைக்கு வேலையைக் கொஞ்சம் குறையப்பா முருகா என்று வேண்டிக்கொண்டு வந்தேன். சாமியே சிரித்திருப்பார்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய், கேள். போன ஞாயிற்றுக்கிழமை வளவனூர் விருத்தாசலம் தன் மகள் செண்பகத்தை உனக்குக் கொடுக்கிற பேச்சை முடிக்க வந்திருந்தார். பெண் வீட்டார் நம் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததென்று அர்த்தம், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். இலை போட்டு அவர் உட்கார்ந்து நான் சோறு எடுத்துவருகிற சமயம் பார்த்து விழுப்புரத்து இன்சூரன்ஸ் ஏஜெண்டு கோதண்டபாணி வந்து நிற்கிறார். நீ இங்கே விட்டுப்போன காருக்கு மறுநாளோடு இன்சூரன்ஸ் முடிகிறதாம், புதுப்பிக்க நீ அவருக்கு அனுப்பின காகிதத்தில் உத்தியோகம் என்று கேட்ட இடத்தில் பட்டாளத்துக் கிடங்கை மூடிவிட்டதால் ஜனவரி முதல் இல்லை என்று எழுதியிருக்கிறாயாம். நல்ல மனுஷர்தான், வாய்தான் தண்டோரா. "இன்னாங்க, புள்ளைக்கு வேல இல்லன்னு எழுதிக்கிறாரே, அப்ப காரை வாடகைக்கு வுட்டுக்கினு இருக்கீங்களான்னு கம்பெனில கேக்கறாங்க" என்று வாசலில் நின்றே கேட்டார்.

விருத்தாசலம் இலையில் வைத்த கையை எடுத்துவிட்டார். அடப் பாவி, எவனோ கம்பெனிக்காரனுக்கு உண்மை, எனக்குப் பொய்யா? அந்த நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கைதவறி எழுதிவிட்டான், வேலையில்தான் இருக்கிறான், மாற்றிக்கொண்டு போங்கள் என்றேன். மாற்றி எழுதினதற்கு உன் அப்பாவைக் கையெழுத்தும் போடவைத்தேன். விருத்தாசலம் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அதை நானே பரிமாறினேன். ஐம்பது வயசுக்கு இந்தக் கேவலமும் உன்னால்தான் எனக்கு வந்தது.

ஏஜெண்டு கிளம்பும்போது, நாளைக்கு இந்தக் கார் யாரையாவது இடித்துவிட்டால், எழுதிக்கொடுத்தது பொய் என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிடும், அடிபட்டவன் கதி அதோகதி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே நானும் அப்பாவும் விழுப்புரம் போய், நான் மாற்றினதை அடித்து நீ எழுதினதையே திரும்ப எழுதவைத்தோம், கார் வாடகைக்கு ஓடவில்லை என்றும் எழுதிக்கொடுத்தோம். அவ்வளவுதான், இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டார்கள். வேலையில்லை என்பதற்காக யாரும் உன்னைக் கழுவில் ஏற்றவில்லை.

அங்கிருந்து நேரே வளவனூர் பஸ் ஏறினோம். விருத்தாசலத்திடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், உன் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மனுஷர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க வூட்டு சோத்தத் தின்னுட்டேன், நான் வேணாம்னு சொல்ல முடியாது. பொண்ணு சொல்லட்டும்" என்றார். செண்பகம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வேல போனது குத்தமில்லீங்க. பெத்தவங்களுக்கே சொல்லாதவரு நாளைக்கு எனக்கு இன்னா சொல்லுவாரு? அவரே வந்து என் எதுருல நின்னு சொல்லட்டும். ஆடி முடியறதுக்குள்ள வரலன்னா எங்க மாமன் வூட்ல கேட்டுக்கினுதான் இருக்காங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பெண்ணைப் பிடித்தும்போயிற்று.

ஆகவே உடனே புறப்பட்டு வா. வேறு வேலை கிடைத்ததும் வருகிறேன் என்று எழுதினாயானால் அந்தக் கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன். வேலையில்லாமலே வா. பெற்ற மனம் பித்து என்பார்கள், எனக்கு அந்தப் பித்தும் தெளிந்துவிட்டது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஆறு மாதமும் அந்த ஊரில் என்னடா சாப்பிட்டாய்? அதைச் செண்பகத்துக்குச் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்.

மயிலத்தான் உனக்குத் துணை இருந்து நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். ஆடி முடிவதற்குள் என்பதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத அம்மா,
சு. கோவிந்தம்மாள்