பதினைந்து இஞ்சு டயரும் மார்லிஸும்

ஏப்ரல் 28, ஞாயிறு

சீசனின் முதல் கார் ஓட்டமே லோவலுக்குப் போய்விட்டது. ஒன்றரை நொடி வித்தியாசம்.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு இருக்கிறவன். குளிர்காலம் முழுக்க வாரம் தவறாமல் என் ஷெட்டில் வந்து காபி குடித்தான். தன் கமாரோவுக்குப் பதினெட்டு இஞ்சு சக்கரமும் பந்தய டயரும் வாங்கி வைத்திருப்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குக் கண்காட்சி மைதானத்துக்குள் அந்த வண்டி நுழைந்தபோது எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். நானும் போய் நின்றேன். "நல்லா இருக்கு" என்று வேறு சொன்னேன்.

"என்ன ஹார்லன், அந்த தள்ளுவண்டி சக்கரத்த இன்னும் கழட்டலயா?" என்றான்.

என் டஸ்டர் காருக்கு 1970-இல் தொழிற்சாலையிலிருந்து வந்த பதினாலு இஞ்சு சக்கரங்கள் அவை. தள்ளுவண்டியாம். டயரில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருக்கும். பார்க்க அழகு. வளைவில் மட்டும் முயல் அடிபட்ட மாதிரி கத்தும், தரையைப் பிடிக்காது.

காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு வண்டியாக வளைந்து ஓட விட்டு, கடிகாரம் பார்க்கிற ஒரு நிமிஷ ஆட்டம். பரிசு ஒரு காபிக் கோப்பை. இதற்காக அறுபத்தொரு வயதுக்காரன் தட்டில் இருந்த சாசேஜைத் தொடாமல் தள்ளி வைப்பானா? வைத்தேன்.

ஏப்ரல் 30

டயர்தான். வேறொன்றும் இல்லை. அவனுக்கு டயர் இருக்கிறது, எனக்கு இல்லை.

மே 4, சனி

காலையிலிருந்து டயர் தேடல். பதினாலு இஞ்சில் பந்தயத்துக்கு ஆகிற டயர் என்று உலகத்தில் எவனும் இப்போது செய்வதில்லை போலிருக்கிறது. கிடைப்பது வெள்ளை எழுத்து — பத்து வருஷம் தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. இன்னொன்று நேர்கோட்டுப் பந்தயத்துக்கானது. மெத்தென்று இருக்கும், ஆனால் வளைவில் பக்கச்சுவர் ஜெல்லி மாதிரி ஆடும்.

பதினைந்து இஞ்சுக்குப் போனால் நல்ல டயர் உண்டு. ஆனால் அதெல்லாம் சின்ன இரண்டு சீட்டுக் கார்களுக்காகச் செய்தது. அகலம் சரி, உயரம் போதாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரியும். வண்டி கால் குட்டையாகி நிற்கும். குட்டை டயர் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால் பெருஞ்சாலையில் எஞ்சின் அலறிக்கொண்டே வரும். வெள்ளை எழுத்தும் கிடையாது.

பதினெட்டு போட மாட்டேன். லோவல் போட்டதை நானும் போடுவதா?

மார்லிஸ் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஓட்டறதுக்கு வாங்கறியா, நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்கா? மொதல்ல அத முடிவு பண்ணு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

மே 19, ஞாயிறு

என்ன எழுதுவது?

டயர் வளைவில் எவ்வளவு மடிகிறது என்று உள்ளே உட்கார்ந்திருந்தால் தெரியாது. வெளியே நின்று பார்க்க வேண்டும். அதனால் மார்லிஸை ஓட்டச் சொன்னேன். நானேதான் சொன்னேன்! இத்தனை வருஷம் வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள். ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டலாம், விதியில் இடம் உண்டு. இரண்டாவது ஆளின் எண்ணுக்கு முன்னால் ஒரு 1 சேர்த்துக்கொள்ள வேண்டும். என் எண் 47. நீல டேப்பைக் கிழித்துக் கதவில் முன்னால் ஒரு கோடு ஒட்டினேன். அவள் 147.

"மெதுவா போ. டயர மட்டும் நான் பாக்கணும்."

"சரி சரி" என்றாள்.

கத்தல் இல்லை. டயர் வாயே திறக்கவில்லை. ஏதோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் மாதிரி ஓட்டினாள். பாவம், மெதுவாகப் போகிறாள் என்று நினைத்தேன். பலகையில் நேரம் விழுந்தது. என்னைவிட முக்கால் நொடி குறைவு.

அதே வண்டி. அதே டயர். அதே நாள்.

"ஏதோ அதிர்ஷ்டம்" என்றேன். மறுபடி போனாள். மறுபடி குறைந்தது.

லோவல் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணைப் பிடுங்கிவிடலாம் என்றிருந்தது.

மே 20

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விஸ்கான்சின் பனியில், பின்னால் ஐம்பது பிள்ளைகள் கூச்சலிட, வருஷக்கணக்காக வழுக்காமல் ஓட்டியவள். வழுக்குகிற டயர் அவளுக்குப் பழக்கம். அவ்வளவுதான். நல்ல டயர் வந்தால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

மே 25, சனி

பழைய சாமான் சந்தையில் பதினைந்து இஞ்சு சக்கரம் நாலு கிடைத்தது. அதே கம்பெனி, அதே அச்சு. டேப் வைத்து அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். கண்டுபிடித்தது நான் இல்லை, மார்லிஸ். அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

குட்டை டயருக்கே சொல்லிவிட்டேன். எழுத்து இல்லாத, அழகில்லாத, ஒட்டுகிற டயர்.

ஜூன் 3

வந்துவிட்டது. மாட்டினேன். டஸ்டர் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்ட தாத்தா மாதிரி நிற்கிறது. விரலால் தொட்டால் ரப்பர் லேசாக ஒட்டுகிறது. பத்து தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

ஜூன் 9, ஞாயிறு

டயர் பொய் சொல்லவில்லை. போன தடவையைவிட ஒரு நொடிக்கு மேல் குறைத்தேன். லோவல் என்னை முந்தியது ஒரு இமை அளவுதான். அரை மணி நேரம் ராஜா மாதிரி நடந்தேன்.

அப்புறம் 147 போனது.

லோவலைத் தாண்டிவிட்டாள். மைதானமே கை தட்டியது. ஒலிபெருக்கிக்காரன் "நூத்தி நாப்பத்தேழு! எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்தம்மாவ?" என்று கத்தினான். என் வண்டி, நான் தேடித் தேடி எடுத்த டயர், நான் அளந்து வைத்த காற்று. கைதட்டல் அவளுக்கு.

வயிறு எரிகிறது. பெண்டாட்டி ஜெயித்தால் வயிறு எரிகிறவன் மனுஷனா என்று கேட்டுக்கொண்டேன். எரிகிறதே, என்ன செய்ய?

ஜூன் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனோம். வழக்கமான மேஜை. லோவல் வந்தான், அவளுக்கு பிராந்தி ஓல்ட் ஃபேஷன்ட் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தான். எனக்கு வாங்கவில்லை.

"அந்தக் கடைசி வளைவ எப்படி எடுத்தே மார்லிஸ்? கொஞ்சம் சொல்லு, நானும் பொழச்சுக்கறேன்" என்றான். அவள் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் கூம்பாக வைத்து முட்கரண்டியை ஓட்டிக் காட்டினாள். முகமெல்லாம் வெளிச்சம். என்னோடு பேசும்போது இந்த முகத்தை எப்போது பார்த்தேன்?

"டயர் நான் எடுத்தது" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தட்டிலிருந்த முட்டைக்கோஸ் கோல்ஸ்லாவைச் சாப்பிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

கொளுத்துகிற வெயில். தார் உருகிக்கொண்டிருந்தது.

இந்த டயருக்கு ஒரு பழக்கம். நான் ஓடி முடிக்கும்போது சூடேறி, உள்ளே காற்று ஏறிவிடும். அவள் போவதற்கு முன்னால் நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கி, தண்ணீர் அடித்து ஆற வைக்க வேண்டும். இல்லையென்றால் டயர் கல் மாதிரி விறைத்து வழுக்கும். அது என் வேலை. காற்று அளக்கிற கேஜ் என் பாக்கெட்டில்தான் இருந்தது.

தண்ணீர் அடித்தேன். காற்றை இறக்கவில்லை.

மறந்துவிட்டேன்.

— இல்லை. இங்கேயுமா பொய்? கேஜைக் கையில் எடுத்தேன். குனிந்தேன். லோவல் வந்து, "மார்லிஸ், இன்னிக்கும் எனக்குக் கோப்ப இல்லையா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கேஜைப் பாக்கெட்டில் போட்டேன்.

மூன்றாவது வளைவில் வண்டி நேராகப் போய்விட்டது. ஐந்து கூம்பு பறந்தது. ஒன்று வண்டிக்கு அடியில் சிக்கி இழுபட்டுக்கொண்டே வந்தது. அவள் இறங்கி, குனிந்து அந்தக் கூம்பை இழுத்து எடுத்தாள். நசுங்கிக் கிழிந்த அதைப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

முன் டயர் அருகே மண்டி போட்டாள். ஓட்டத்துக்கு முன்னால் டயரின் தோளில், பக்கவாட்டு விளிம்பில், சாக்பீஸ் கோடு போடுவோம். வளைவில் டயர் சரியாக மடிந்தால் கோடு அழிந்திருக்கும். காற்று அதிகம் இருந்தால் மடியாது, கோடு நிற்கும்.

கோடு அப்படியே நின்றது, இப்போதுதான் போட்ட மாதிரி.

"காத்த எறக்கலயா?"

"மறந்துட்டேன்."

"நீயா?" என்றாள். "டயர் காத்த நீயா மறந்தே?"

வீடு வரும் வரை எஞ்சின் அலறல் மட்டும்.

ஜூலை 17

சாப்பாடு மேஜையில் இருக்கிறது. அவள் தோட்டத்தில்.

ஜூலை 28

லோவல் போன் செய்தான். எனக்கில்லை, அவளுக்கு. அடுத்த ஓட்டத்துக்கு அவன் வண்டியை ஓட்டிப் பார்க்கிறாளா என்று கேட்டானாம். "சரின்னுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தனியாக டஸ்டரில் போனேன். பக்கத்து சீட்டில் அவளுடைய மடக்கு நாற்காலி கிடந்தது.

கமாரோவிலிருந்து அவள் கை நீட்டி ஏதோ சொல்ல, லோவல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேஜை எடுத்து நாலு டயருக்கும் அவனே காற்று பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். நான் வேலியோரம் நின்று அதையே பார்த்தேன். அவன்மேல் இருந்த பொறாமையெல்லாம் சக்கரத்துக்காக என்று நினைத்திருந்தேனே! இன்றைக்கு எரிந்தது, அவன் அவளுக்குக் காற்று பார்த்ததற்கு.

அவனுடைய வண்டியில் அவனையே ஒரு நொடி முந்திவிட்டாள்.

லோவல் தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இப்போது தெரியும் இவனுக்கு, எப்படி இருக்கிறதென்று! பார்த்தால் சிரிக்கிறான். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிக்கிறான். என்னிடம் வந்தான்.

"பாத்தியா ஹார்லன்? என் டயர்லயே என்ன அடிச்சுட்டா! இவ்ளோ செலவு பண்ணி, கடைசில கோளாறு நான்தான்னு கண்டுபிடிச்சிருக்கேன்!"

அவனுக்கு அது நகைச்சுவை. எனக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை?

ஆகஸ்ட் 12

சொல்லிவிட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல். "அன்னிக்கு மறக்கல. வேணும்னேதான் எறக்கல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கோட்டப் பாத்ததுலேர்ந்து. நீ எப்ப சொல்லுவேன்னுதான் தெரியாம இருந்துச்சு." தட்டை அடுக்கினாள். "கவுந்திருந்தா என்ன பண்ணியிருப்பே ஹார்லன்?"

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

"லோவல் வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒத்து வரல. எல்லாத்தையும் வண்டியே பண்ணிடுது. டஸ்டர் நம்ம சொல்றதக் கேக்கும்." கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "கேஜ குடு."

கொடுத்தேன். ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போனாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கடைசி ஓட்டம். வாயிலிருந்து புகை வருகிற குளிர். இந்த ரப்பர் குளிரில் கட்டையாகிவிடும், முதலில் போகிறவருக்குப் பிடி இருக்காது. இரண்டாவது ஆளுக்குச் சூடான டயர்.

பெயர் கொடுக்கிற மேஜையில் பேனாவை நான்தான் வாங்கினேன். முதல் ஆளின் எண்ணான 47-க்கு நேரே மார்லிஸ் என்று எழுதினேன், 147-க்கு நேரே என் பெயரை. அவள் பார்த்தாள். வண்டிக்குத் திரும்பும்போது, "அப்ப நான் மொதல்ல போயி உனக்கு டயர சூடு பண்ணி வெக்கறேன்" என்றாள்.

காற்று அவளே பார்த்தாள். சாக்பீஸ் கோடு நான் போட்டேன்.

கட்டை மாதிரி விறைத்த டயரில் போய், லோவலைத் தாண்டினாள். அவள் சூடாக்கி வைத்த டயரில் நான் போனேன். இந்த வருஷத்திலேயே என் நல்ல ஓட்டம். அவளைவிடக் கால் நொடி அதிகம்.

எரிந்ததா? எரிந்தது. கை தட்டினேன், எரிந்துகொண்டே.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன்: நான் ஓட்டத்துக்குப் புறப்படுவதற்கு முன்னால் கதவில், 47-க்கு முன்னால், நீல டேப்பைக் கிழித்து எனக்கான 1-ஐ ஒட்டினேன். மார்லிஸ் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு" என்றாள். வந்து, பிரித்து, நேராக ஒட்டிவிட்டாள்.