அளவு நோட்டில் இல்லாதவள்

அன்புள்ள சிட்டு அப்பாவுக்கு,

நானும் சிட்டுவும் இங்கே சுகம். நீங்களும் அங்கே ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் சாப்பிட்டு, மாத்திரை இல்லாமலே ஆறு மணி நேரம் தூங்குவதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இன்னொருத்தி இருக்கிறாளே, அவளும் சுகமா என்று கேட்க நினைத்தேன். மனசு வரவில்லை.

கடையைப் பற்றிக் கவலை வேண்டாம். எதிர்க்கடை மாஸ்டர் காலையில் வந்து துணிகளை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தையலும் காஜாவும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, மேசையில் இஸ்திரிப்பெட்டி எரித்த இடத்தில் ஒரு பலகை வைத்து அடித்தாகிவிட்டது. அன்றைக்கு சிட்டு பள்ளிக்கூடம் விட்டு நேரத்தோடு வந்து பிளக்கைப் பிடுங்கினாளே, அதை இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான்தான் அந்தப் பலகைப் பக்கம் பார்ப்பதில்லை.

தூக்க டாக்டரம்மா அனுப்பிய கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. வீட்டில் இருப்பவர் நிரப்ப வேண்டுமாம். உங்கள் கணவர் பகல் கனவில் இருப்பதை எப்படிக் கண்டுகொள்வீர்கள் என்பது முதல் கேள்வி. கண்டுகொண்டிருந்தால் அவர் ஏன் உங்களிடம் வரப்போகிறார் என்று எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டேன். ரேடியோவில் பாட்டு வந்தால் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடப்பார், உதடு அசையும், கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார், தைக்கப்போகும் துணியைப் பற்றி யோசிக்கிறார் என்று பத்து வருஷமாக நினைத்திருந்தேன் என்று எழுதினேன். திரும்பும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும், என்னைப் பார்த்ததும் அது போய்விடும். அதை எழுதவில்லை. டாக்டரம்மாவுக்கு எதற்கு அந்தக் கதையெல்லாம்.

வேலையில் தவறு நேர்ந்ததுண்டா என்று இன்னொரு கேள்வி. நூலகக்காரம்மாவின் நீலக் கோட்டு விஷயத்தை எழுதாமல் வேறு எதை எழுத? அவர் குட்டை, நல்ல பருமன். நீங்கள் தைத்துக் கொடுத்ததோ ஒடிசலாக, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கை மட்டும் ஒரு சாண் அதிகம். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், சாயங்காலம் விழுற என் நிழலுக்கு அளவெடுத்துட்டீங்களா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் போனதும் அளவு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். அந்த உயரமும் அந்தக் கைநீளமும் ஒரு பக்கத்திலும் இல்லை. எழுதி வைக்காத அளவு ஒரு மனுஷனுக்கு மனப்பாடமாக இருக்கிறதென்றால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

உங்களிடம் கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் நான் பட்ட பாட்டை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். தெருவில் போகிற உயரமான பெண்களையெல்லாம் கண்ணாலேயே அளந்தேன். தபால் ஆபீஸில் கவுன்டரில் இருப்பவள்மேல் சந்தேகம் வந்து, கைநீளம் பார்ப்பதற்காக மேல்தட்டில் இருக்கிற உறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து எடுக்க வைத்தேன். பாவம், இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியும் இல்லை.

நீங்கள் தலை குனிந்தபடி, "அவ நெசத்துல இல்ல. என் மண்டைக்குள்ள இருக்கா" என்று சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. அன்று மாலைவரை தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. நிஜத்தில் ஒருத்தி இருந்திருந்தால் வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவளுக்கும் வயசாகும், ஒருநாள் சலித்தும் போயிருப்பாள். இவளை நான் எங்கே போய்ப் பிடிப்பது? ஆற்றங்கரை வீடாம், மாடியில் ஜன்னலாம், நீங்கள் எது சொன்னாலும் கேட்பாளாம். இருக்காதா பின்னே. அவளுக்குச் சட்டிபானை கழுவுகிற வேலையா, பட்டன் தைக்கிற வேலையா?

நீங்கள் படுத்துப் புரள்வதைப் பார்த்து, கடைக் கவலையில் தூக்கம் கெடுகிறது என்று நினைத்துத் தினமும் பால் காய்ச்சிக் கொடுத்தேன். என் கையால் வாங்கிக் குடித்துவிட்டு நேரே அவளிடம் போயிருக்கிறீர்கள். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டரம்மா போனில் பொறுமையாகத்தான் பேசினார். கனவில் ஆழ்ந்து தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெட்டுப்போய்ப் பகலில் கனவு கூடுகிறதா, எது முதல் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஒன்று இன்னொன்றை வளர்த்துவிடுமாம். உங்கள் விஷயத்தில் படுத்தவுடன் கதை தொடங்குவதுதான் வழக்கமாகிவிட்டது, அந்த வழக்கத்தைத்தான் மாற்றப் பார்க்கிறோம் என்றார். அவருக்கு அவளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்தில் அவரிடம் இவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று அந்தம்மாமேலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். அவள் வருவது குறைந்துவிட்டது, தூக்கம் வருகிறது, ஆனால் உள்ளே வீடு காலி செய்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நாலு தடவை படித்தேன். சிட்டு பிறந்தபோது ஆறு மாதம் அம்மா வீட்டில் இருந்தேனே, அப்போது வந்த கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வர்ணம் அடித்தாயிற்று, ஊசி தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான். காலியாக இருக்கிறது என்று எனக்கு ஒருவரிகூட எழுதியதில்லை.

அந்தக் கோபத்தில்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், அப்படி என்னதான் அவளிடம் பேசுவாராம் என்று. அதை நீங்களே என்னிடம் சொல்வதுதான் சரி என்றார். நான் விடாமல் கேட்டதும், உங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாள் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லையாம். அன்றைக்குக் கடைக்கு யார் வந்தார்கள், எந்தக் கழுத்து சரியாக அமையவில்லை, உங்கள் அப்பா இறந்ததிலிருந்து உங்களுக்கு நெஞ்சில் என்ன பயம், இவைதானாம். இதையெல்லாம் வீட்டில் சொல்வதற்கென்ன என்று அவர் கேட்டாராம். "அவ நாள் முழுக்கக் குனிஞ்சு தைக்கிறவ. படுத்ததும் தூங்கிடுவா. எழுப்ப மனசு வராது" என்றீர்களாம்.

போனை வைத்துவிட்டுக் கேள்வித்தாளை மறுபடி எடுத்தேன். அதில் ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. கணவர் எந்த நேரத்துக்குத் தூங்குகிறார் என்று கேட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

டாக்டரம்மா சொன்னபடி கேட்டு, உடம்பு தேறி வாருங்கள். தூக்கம் முழுசாகச் சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள். தூக்கம் வராத நாளில் என்னை எழுப்புங்கள். நான் முனகினால், திட்டினால், விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை எழுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவள்