நீ வைத்த பெட்டிக்குத் தாரா வந்தது

என் செல்லத் தம்பி சுதனுக்கு,

நீ வைத்த பெட்டிக்குத் தாரா வந்தது. இதை உனக்குச் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? அடுத்து எழுத வேண்டியதை நினைத்தால்தான் கை ஓட மாட்டேன் என்கிறது.

மஸ்கட் வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த வருஷம், தேங்காய் வெட்டும் தங்கமணியை ஏற்றி, குளத்தங்கரையில் மண்டை போன தென்னையில் அந்தப் பலகைப் பெட்டியை அடிக்க வைத்தாய். உள்ளே ஒரு சின்னக் கேமரா, அதில் படுவது போனில் தெரியும். "குள்ளத்தாரா மரப்பொந்துலதான் முட்டையிடும் அக்கா. இப்பம் பொந்துள்ள மரம் எங்க இருக்கு?" என்றாய். வாத்து மரமேறுமாலே என்று நான் சிரித்தேன். நீ இருந்தவரை ஒரு மைனாகூட அதில் எட்டிப் பார்க்கவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு உன் பெண்டாட்டிக்குத் துணையாக நான் இங்கேயே வந்துவிட்டேன். ஷீலா சமைப்பாள், துவைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். இந்த மழைக்கு ஒரு நாள் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மைனி, பாருங்கோ. அவரு பொட்டிக்கு ஆளு வந்திருக்கு."

கண்ணோரம் மை இழுத்தது போலக் கோடு போட்ட சின்னத் தாரா. அன்றிலிருந்து அடுக்களையில் உப்பு ஜாடியில் சாய்ந்தபடி போன் நிற்கும். தேங்காய் திருகிக்கொண்டே அதனிடம் பேசுவாள். "தின்னியா? நனைஞ்சு போனியாட்டி?" முட்டைகள் சேர்ந்தன, தாரா அடையிருந்தது. ஷீலா ஒரு நாள் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அதைக் கெடுத்தது நான்தான் தம்பி.

ஒரு நாள் காலையில் தாரா தன் தூவியால் முட்டைகளை மூடிவிட்டு வெளியே போனது. வெயில் ஏறியும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏட்டி, அது போட்டுட்டுப் போயிட்டு. முட்டை ஆறிப்போவும்."

"தீனி தின்னப் போயிருக்கும் மைனி. இப்பம் வந்திரும். ஒண்ணும் செய்யாண்டாம்."

"நீ கோழி வளத்திருக்கியா? நான் எத்தனை வாத்து முட்டையக் கோழிக்கு அடை வச்சிருக்கேன்னு தெரியுமா?"

அவள் தேங்காய் திருகப் போனாள். மைனி சொன்னால் சொன்னதுதானே. நான் தங்கமணியைக் கூப்பிட்டேன். முட்டைகளை இறக்கி, கூடையில் படுத்திருந்த அடைக்கோழிக்கு வைத்தேன். சரியான வேலை செய்துவிட்ட நிம்மதியில் கையைக் கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் தாரா வந்துவிட்டது. அலகால் தூவியைக் கிளறியது. மூலை மூலையாகத் தேடியது. கடைசியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அடையிருப்பது போல உட்கார்ந்தது. ஷீலா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

அப்போதாவது நான் சும்மா இருந்தேனா? முட்டையைத் திருப்பி வைக்க மறுபடியும் தங்கமணியை ஏற்றினேன். பெட்டி வாசலில் மனிதத் தலை தெரிந்ததும் தாரா பாய்ந்து வெளியேறியது. போனதுதான், திரும்பவேயில்லை. சாயங்காலம் முட்டைகளை மறுபடியும் கோழிக்கே கொண்டு வைத்தோம். எல்லாம் கூமுட்டையாகிவிட்டது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "தாரா போட்டுட்டுப் போன முட்டைய அக்கா காப்பாத்தப் பாத்தேளாமே, நல்ல மனசு" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஷீலா காப்பியோடு அங்கேயே நின்றிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டம்ளரை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

போன் இன்னும் அடுக்களையில்தான் நிற்கிறது. வெறும் பெட்டிதான் அதில் தெரிகிறது. நேற்று, "அத ஆஃப் பண்ணுட்டி" என்றேன். "இருக்கட்டும் மைனி. வந்தா வரட்டும்" என்றாள். அவளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது சுதா? எனக்கு ஏன் வரவில்லை?

நம் வீட்டில் மூத்தவர்கள் இளையவர்களிடம் தப்பு என்று சொன்னதை நான் பார்த்ததேயில்லை. அப்பாவும் சொன்னதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாய், பதிலும் பேச மாட்டாய். உன்னிடம் சொல்வது லேசு. சொல்ல வேண்டியவள் ஒரு சுவர் தள்ளி மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பேனாவை வைத்துவிட்டு அங்கேதான் போகிறேன். "நீ சொன்னதுதான் சரி, நான் செஞ்சது தப்பு" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு. அவள் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

உன் அக்காவும்
ஷீலாவின் மைனியுமான
லீலா