நெஞ்சு உயரம்

மார்ச் 3

அன்புள்ள குட்டை அக்காவுக்கு,

நலம்தானே? நானும் பிள்ளையும் நலம். ஒருவழியாக ஆய்வேட்டை முடித்துவிட்டேன். இருபதாம் தேதிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டால், ஜூனில் கல்லூரி வேலை கைக்கு வந்த மாதிரிதான்.

முதல் வருடம் மரங்களின் சுற்றளவை நான் அளந்தேன். பிரசவத்துக்கு ஊருக்கு வந்துவிட்ட பிறகு இரண்டு வருடமும் நீங்கள்தான். வனக்காவல் வேலைக்கு நடுவில் 412 மரங்களையும் ஒன்று விடாமல் அளந்து அனுப்பினீர்கள். நன்றியுரையில் கணவருக்கு முன்னால் உங்களைப் போட்டிருக்கிறேன். மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

முடிவு என்ன தெரியுமா? நல்ல மழை பெய்த அந்த ஒரே வருடத்தில் நம் மரங்கள் மூன்று மடங்கு வேகமாகப் பருத்திருக்கின்றன. கைடுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்புடன்,
நெட்டை

மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையை நினைத்துச் சிரித்தேன். முடிவைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. அப்படிப் பருத்திருந்தால் எண் எழுதி அடித்த தகரத்தைப் பட்டை விழுங்கியிருக்கும். இன்னும் ஆணித்தலை தெரிகிறதே.

கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? “நெஞ்சு உயரத்துல நாடாவைச் சுத்துங்கக்கா, அவ்வளவுதான்.” சுற்றினேன், என் நெஞ்சு உயரத்தில். இன்றைக்குத்தான் உன் பழைய நோட்டைப் புரட்டினேன். தரையிலிருந்து 137 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. அது உன் நெஞ்சு. என்னுடையது 112. நாடா உன் கையிலிருந்து என் கைக்கு மாறிய வருடம்தான் மரம் பருத்த மாதிரி தெரிந்திருக்கிறது. கீழே போகப் போக மரம் பருமன் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்காமல் விட்டேனே.

மன்னித்துவிடு. நாளையிலிருந்து மறுபடி அளக்கிறேன்.

குட்டை அக்கா

மார்ச் 13

அக்கா,

மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? தேதி தவறினால் வேலை போய்விடும். இன்னும் கைடிடம் வாயைத் திறக்கவில்லை.

நெட்டை

மார்ச் 17

தங்கச்சிக்கு,

412 மரங்களையும் இரண்டு உயரத்திலும் அளந்து இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பழைய கணக்கைத் திருத்தலாம் அல்லவா? நீ இதைப் பிரித்துப் பார்த்தாலும் சரி, பரணில் போட்டாலும் சரி, எனக்கு நீ தங்கச்சிதான். பிள்ளைக்கு முத்தம்.

குட்டை அக்கா

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன். மார்ச் பத்தொன்பதாம் தேதியே உங்கள் நோட்டோடு கைடு முன்னால் போய் நின்றேன். “யாரும்மா உன்னை இதைச் சொல்லச் சொன்னது?” என்று கேட்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லூரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அழுதேன்.

உங்கள் நோட்டை வைத்துத்தான் எல்லாவற்றையும் திருத்தினேன். மூன்று வருடமும் மரங்கள் ஒரே சீராகத்தான் பருத்திருக்கின்றன. சாதாரண முடிவுதான், ஆனால் உண்மை. என் நெஞ்சுதான் ஊருக்கெல்லாம் நெஞ்சு என்று நினைத்தது என் தப்பு. அந்தப் பொய்யோடு வகுப்பில் நின்று பாடம் நடத்த விடாமல் என்னைக் காப்பாற்றினீர்கள். இந்த நன்றியை எந்த நன்றியுரையில் எழுதுவது அக்கா?

நவம்பர் 14 அன்று வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். நீங்கள் வந்தே ஆக வேண்டும், வழக்கம்போல் பின்வரிசையில் ஒளியக் கூடாது. அளவு எப்படித் தவறியது என்று கேட்பார்கள். நான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பேன். நீங்கள் எழுந்து நின்றால் போதும்.

அன்புடன்,
உங்கள் நெட்டை