ஏசுபாதம், செங்கம்மாள், ரஞ்சித்குமார் நினைவுக் கோப்பையை அவர்கள் பெயரிலேயே நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
பெ. பிரிசில்லா, வயது 21,
த/பெ. பெஞ்சமின்,
மாதா கோயில் தெரு, தாமரைத்தாங்கல் கிராமம்,
சிங்கப்பெருமாள் கோயில் வழி,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
கோட்டாட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: எங்கள் ஊர் கிரிக்கெட் போட்டியின் பெயர், பேனர், கோப்பை ஆகிய மூன்றிலிருந்தும் இந்த ஆண்டு இறந்துபோன மூவரின் பெயரை எடுத்துவிடச் சொல்லும் நிபந்தனையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

1. அக்டோபர் 4, 5 சனி ஞாயிறுகளில் எங்கள் தாங்கல் ஏரிக்கரை மைதானத்தில் போட்டி நடத்த ஏற்பாடு செய்துள்ளோம். அதைத் தள்ளிப்போட முடியாது. மழை பிடித்துவிட்டால் மைதானம் ஏரிக்குள் போய்விடும், பிறகு தை மாதம்தான் தரை தெரியும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இந்த மனுவைப் போனில் தட்டச்சு செய்தேன். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். மனு எழுதும் முறையை வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொண்டு, விஷயத்தை மட்டும் பார்க்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

2. நான் ஆட்டக்காரி இல்லை. தாமரைத்தாங்கல் லெவன் ஸ்டார்ஸ் அணியின் ரசிகை. எங்கள் அணி எங்கே ஆடினாலும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடாவது போய், போனில் லைவ் போட்டுவிடுவேன். சேனலைப் பார்ப்பவர்கள் அதிகம் இல்லை. ஆனால் துபாயில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன்கள் பார்க்கிறார்கள். அதனால் இந்த மனுவில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வீடியோ உள்ளது.

3. இந்தப் பக்கத்தில் நினைவுக் கோப்பை என்றால் என்ன என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். ஊரில் ஒருவர் இறந்தால் கருமாதியோ ஜெபக்கூட்டமோ வீட்டில் நடக்கும். அவர் பெயரில் போட்டி மைதானத்தில் நடக்கும். கோப்பையில் அவர் பெயர் பொறித்திருக்கும். ஜெயித்த அணி அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோய் வைக்கும். எங்கள் கேப்டன் கார்த்தி அண்ணன் வீட்டு அலமாரியில், நாங்கள் முகமே பார்த்திராதவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. திருப்போரூர்ப் பக்கம் ஒரு மளிகைக்கடைக்காரர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு கவிழ்ந்து போன ஒருவர். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, பெயர் தெரியும். இறந்தவர் பெயர் ஊர் தாண்டிப் போக எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வழிதான்.

4. இந்த ஆண்டு எங்கள் மைதானத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்துவிட்டார்கள். எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டபோது, “போட்டி நடத்திக்கோங்க. செத்தவங்க பேரு, போட்டோ எதுவும் கூடாது. நட்புக் கோப்பைன்னு போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டார்கள். காரணமும் சொன்னார்கள். வேறொரு ஊரில், வழக்குகள் உள்ள ஒருவர் பெயரில் போட்டி நடத்தி, பேனர் தகராறில் மண்டை உடைந்ததாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எங்கள் மூவரும் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

5. முதலாமவர் ஏசுபாதம். எங்கள் தெருக்காரர், எனக்கு முறைக்கு மாமா. ஊரப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை கோயில், அதன்பின் அம்பயர். அவுட் கேட்டால் உடனே கையைத் தூக்கமாட்டார். உதட்டை நனைத்துக்கொண்டு ஏரியைப் பார்ப்பார். அதற்குள் பௌலருக்கு உயிர் போய்விடும். ஒருமுறை, “இன்னாண்ணா, அவுட்டு குடுக்குறியா, ஜெபம் பண்ணிக்கினு கீறியா?” என்று எங்கள் பௌலர் ரஞ்சித் அண்ணன் கத்தினார். மாமா அசையவில்லை. “இருடா. அவுட்டானவனுக்கும் ஒரு நிமிசம் வேணும்ல” என்றார். அதற்குப் பிறகுதான் விரலைத் தூக்கினார். அவர் கொடுத்த முடிவை எதிர்த்து எங்கள் மைதானத்தில் சண்டை நடந்ததே இல்லை. முணுமுணுப்பு நிறைய நடந்தது. பிப்ரவரியில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது கூடுவாஞ்சேரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், பிளாட்பாரத்து பெஞ்சிலேயே போய்விட்டார்.

6. இரண்டாமவர் செங்கம்மாள். இவர் ஆடவும் இல்லை, அம்பயராகவும் நிற்கவில்லை. மைதானத்தின் கிழக்கு எல்லையில் இவர் வீடு. சிக்ஸர் அடித்தால் இவருடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்தான் விழும். விழுந்ததும் கையில் துடைப்பத்தோடு பிட்ச் வரைக்கும் நடந்து வருவார். “எருமைங்களா! என் வூட்டு மேல அடிச்சா ஆறுன்னு எவன்டா ரூல் போட்டது? இனிமே அவுட்டு! இன்னாடா முறைக்கிற, அவுட்டுன்னா அவுட்டு, போ!” என்று கத்துவார். இது லைவில் அப்படியே வந்துவிட்டது. அடுத்த வாரம் துபாயிலிருந்து கமெண்ட்: “செங்கம்மாக்கா சொன்னது கரெக்ட்டு, ரூல மாத்துங்கடா.” மாற்றினோம். அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் செங்கம்மாள் வீட்டுக் கூரையில் பந்து விழுந்தால் அவுட். வெளியூர் அணிக்காரர்கள் எரிச்சலானார்கள். அவரோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது அவுட்டானால் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். ஏப்ரலில் மஞ்சள் காமாலையில் இறந்தார். வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆகஸ்டில் கடற்கரைக் குப்பத்து அணி ஒன்று வந்து ஆடியபோது பந்து அந்தக் கூரையில் விழுந்தது. அதை அடித்த அவர்கள் கேப்டன் வெங்கடேசன், “அவங்களே இல்ல, வூடு பூட்டிக் கீது, அப்புறம் இன்னா மச்சான் அவுட்டு?” என்று கேட்டார். கார்த்தி அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்கடேசனும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தானே மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். போட்டி விதிகளை நிலையத்தில் கொடுத்தபோது, இந்த விதியில் செங்கம்மாள் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு ‘சம்பந்தப்பட்ட வீடு’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

7. மூன்றாமவர் ரஞ்சித்குமார், இருபத்தாறு வயது, இடதுகைப் பந்துவீச்சாளர். ஊர்த்தெருவைச் சேர்ந்தவர். கம்பெனி ஆட்களை ஏற்றிவிடும் வேன் ஓட்டினார். இவர் பந்துவீச்சைப் பற்றி எழுதத் தொடங்கினால் மனு முடியாது, ஆனாலும் ஒன்றே ஒன்று. மாமல்லபுரம் கடற்கரையில் நடந்த அரையிறுதி. மணலில் பந்து எழும்பாது. எல்லோரும் வேகமாகப் போட்டு அடி வாங்கினார்கள். இவர் ஒருவர்தான் காற்று வரும் பக்கம் பார்த்து நின்று, மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கிப் போட்டார். பந்து வந்துகொண்டே இருந்தது அம்மா, காற்று அதைப் பிடித்து நிறுத்திவிட்டது போல! பேட்ஸ்மேன் அடித்து முடித்து, திரும்பிப் பார்த்த பிறகு ஸ்டம்பில் பட்டது. பந்தையே பார்த்துப் போனைக் கீழே இறக்கிவிட்டதால் அந்த வீடியோ சரியாக வரவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. ஜூனில் ஜிஎஸ்டி சாலையில், வேனை ஓரம் நிறுத்தி டயர் பார்க்க இறங்கியவர் மேல் லாரி ஏறிவிட்டது.

8. இந்த மூவர் மேல் என்ன வழக்கு இருக்க முடியும்? இதைத்தான் நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர், “கேஸ் இல்லன்னு சர்டிபிகேட் கொண்டாம்மா, அய்யா கிட்ட சொல்லிப் பாக்குறேன்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னார். நானும் நம்பிக்கையோடு இணையத்தில் விண்ணப்பித்தேன். இறந்தவருக்காக விண்ணப்பிக்க அதில் இடமே இல்லை. உயிரோடிருப்பவர் தனக்குத் தானே கேட்பது போலத்தான் நிரப்ப முடிந்தது. ஏசுபாதம் மாமாவின் போன் எண்ணும் செங்கம்மாக்காவின் போன் எண்ணும் வேலை செய்யவில்லை. ரஞ்சித் அண்ணனின் எண் வேலை செய்தது. அவர் அம்மா விஜயகுமாரி அந்தப் போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்து, தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்ல நான் பதிவு செய்தேன்.

9. நான்கு நாள் கழித்து அதே போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘ரஞ்சித்குமார் அவர்களே, விசாரணைக்குக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகவும்.’ நான் ஷிப்டில் இருந்தேன், உள்ளே போனுக்கு அனுமதி இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. விஜயகுமாரி அத்தை நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மகனின் போட்டோவை எடுத்துக்கொண்டு, தனியாகவே நிலையத்துக்குப் போய்விட்டார். பிறகு நான் பதறிப்போய் ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, “என் புள்ள பேரச் சொல்லிக் கூப்ட்டுகீறாங்க. யாராச்சும் போவணும்ல?” என்றார். அங்கே, “நீங்க வந்தா செல்லாதும்மா, அவரே வரணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அத்தை, “அவன் வர்றதா இருந்தா நான் ஏன்யா இங்க வரேன்?” என்று கேட்டிருக்கிறார். பிறகு போட்டோவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மறுநாள் இணையத்தில் பார்த்தேன். ‘விண்ணப்பதாரர் ஆஜராகாததால் நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. யார் மேலும் புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த வழியில் சான்றிதழ் வாங்கவே முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

10. அணிக்குள்ளும் இப்போது நிம்மதி இல்லை. பாதிப் பேர், “மழ வர்றதுக்குள்ள நட்புக் கோப்பைன்னே ஆடிட்டுப் போலாம், பேஜாரு வேணாம்” என்கிறார்கள். கார்த்தி அண்ணன், “நட்புக்கு ஆடறதா இருந்தா டெய்லி சாயங்காலம்தான் ஆடிக்கினு கீறோமே” என்கிறார். குப்பத்து வெங்கடேசன் போன் செய்து, பெயரோடு தங்கள் கடற்கரையில் நடத்திக்கொள்ளச் சொல்கிறார். நல்ல மனசு. ஆனால் ஏசுபாதம் மாமா பார்த்த ஏரி அங்கே இல்லை, செங்கம்மாக்காவின் கூரையும் அங்கே இல்லை. பெயர் இல்லாத கோப்பையைத் தர நான் வரமாட்டேன் என்று விஜயகுமாரி அத்தை சொல்லிவிட்டார்.

11. பேனரால் சண்டை வரும் என்பது பற்றி என் பணிவான கருத்து. எத்தனையோ நினைவுக் கோப்பைகளை வீடியோ எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். சண்டை இறந்தவர் படத்தால் வருவதில்லை. அதற்குக் கீழே வரிசையாகப் போடும் உயிரோடிருப்பவர் படங்களால் வருகிறது. யார் படம் பெரிது, யார் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறார், யார் பெயருக்கு முன் ‘அண்ணன்’ விட்டுப்போனது என்றுதான் மண்டை உடைகிறது. ஆகவே எங்கள் பேனரில் உயிரோடு இருக்கும் ஒருவர் படமும் இருக்காது என்று அணிக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டோம். கேப்டன் படம் இல்லை, பரிசு கொடுப்பவர் படம் இல்லை, என் சேனல் பெயர்கூட இல்லை. மூவரும் ஒரே அளவு வட்டத்தில், இறந்த வரிசைப்படி. மாதா கோயில் தெருக்காரர் முதலில் வருவதா என்று ஊர்த்தெருக்காரர் ஒருவர் முனகினார். அவரை அடக்கியது ரஞ்சித் அண்ணனின் அம்மாதான். “அம்பயருக்கு முன்னாடி பௌலர் எப்புட்றா நிப்பான்?” என்றார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

12. எனவே அம்மா அவர்கள் கீழ்க்கண்டதை உத்தரவிட வேண்டுகிறேன். போட்டிக்கு மூவர் பெயரையும் வைக்கவும், ஒரே ஒரு பேனரை மைதானத்துக்குள் மட்டும் கட்டவும், கோப்பையில் பெயர் பொறிக்கவும் அனுமதி வேண்டும். பட்டாசு, ஊர்வலம், சாலையில் பேனர் எதுவும் இருக்காது. ஒரு காவலர் இரண்டு நாளும் வந்து உட்காரட்டும், நிழலும் நாஸ்தாவும் எங்கள் பொறுப்பு. கோப்பைக்காரர் பெயர் பொறிக்க ஒரு வாரம் கேட்கிறார். ஆகவே இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

13. எங்கள் கோரிக்கையை ஏற்க முடியாத காரணம் அம்மாவுக்கு ஏதாவது இருக்கலாம். அப்படியானால் அதையும் எழுத்து மூலமாகத் தரவேண்டும். அந்த உத்தரவில் ஏசுபாதம், செங்கம்மாள், ரஞ்சித்குமார் என்று மூவர் பெயரையும் முழுதாக, தகப்பனார் பெயர், ஊர் பெயரோடு குறிப்பிட்டு மறுக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்போது நாங்கள் நட்புக் கோப்பையாகவே ஆடுவோம். முதல் பந்து போடுவதற்கு முன், தங்கள் உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மைக்கில் வாசிப்போம். எல்லா அணிக்காரர்களும் எழுந்து நின்று கேட்பார்கள். அரசு உத்தரவை வாசிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, மைதானத்தைக் கூட்டி வைத்துக் காத்திருக்கும்,

பெ. பிரிசில்லா
(தாமரைத்தாங்கல் லெவன் ஸ்டார்ஸ் ரசிகர்கள் சார்பாக)

இடம்: தாமரைத்தாங்கல்
நாள்: 22.09.2025